பாதி விலை பார்ட் எங்கிருந்து வருகிறது?

தில்லி மயூர் விஹார் ஃபேஸ் 1-ல் எங்கள் வீட்டு வாசலில் ராத்திரி நிறுத்திய ஸ்கூட்டர் காலையில் இல்லை. எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் இதைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லை, ஏனென்றால் விசாரிக்க வந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மாடி வீட்டு மாமா, "ஏம்ப்பா, வீல் செயின் போடலியா?" என்றார். ஊரிலிருந்து அக்கா போனில், "தெருவில ஏண்டா நிறுத்தறே?" என்றாள். அரசு கட்டிய எங்கள் டிடிஏ ஃப்ளாட்டில் கீழே இடமே கிடையாது, தெருதான் எல்லோருக்கும் பார்க்கிங். ஹேண்டில் லாக் போட்டுத்தான் இருந்தேன். பழகின ஆளுக்கு அது ஓர் உதைக்குத் தாங்காது.

தில்லியில் 2019-ல் மட்டும் பதிவான வண்டித் திருட்டு 46,000-க்கும் மேல். கொரோனா வருடத்தில் கொஞ்சம் குறைந்தது, அதன் பிறகும் நாளைக்குச் சராசரியாக 100 வண்டி என்ற கணக்கிலேயே போய்க்கொண்டிருந்தது. நாடு முழுக்க எடுத்தால் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேல். பாதிக்கும் மேல் நம் மாதிரி ஆட்களின் பைக், ஸ்கூட்டர். தினமும் நூறு பேர் அசட்டையாக இருந்ததால் இது நடக்கிறது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இது வியாபாரம். பூட்டை உடைக்கிற பையனுக்கு அதில் சில ஆயிரம் ரூபாய்தான், மிச்சம் முழுக்க வாங்குகிறவன் கைக்குப் போகிறது.

கார் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எந்த மாடல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுகிற இடம் இருக்கிறதே, அதில் ஒரு கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பதிய வைத்தால் சில நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். எங்கள் பக்கம் சில்லா பார்டரைத் தாண்டினால் நொய்டா, வேறு மாநிலம், வேறு போலீஸ். அப்புறம் இரண்டு வழி. ஒன்று, விபத்தில் நொறுங்கி இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று தள்ளிவிட்ட காரை ஏலத்தில் எடுத்து வைத்திருப்பார்கள். அந்த இரும்பு அவர்களுக்குத் தேவையில்லை, அதன் ஆர்சி என்ற பதிவுச் சான்றும், வண்டியின் உடம்பில் பொறித்த சேஸிஸ் நம்பரும்தான் தேவை. அதே மாடலில் ஒன்றைத் திருடி, அதன் நம்பரை ராவிவிட்டுப் பழைய நம்பரை அடித்துவிட்டால், வாங்க வருகிறவர் பார்க்கிற பேப்பர் எல்லாம் ஒரிஜினல். இன்னொரு வழி, பிரித்து விற்பது. மீரட்டில் சோதிகஞ்ச் என்ற மார்க்கெட் அதற்கே பெயர் போனது, முழுக் கார் உள்ளே போனால் சில மணி நேரத்தில் எஞ்சின் தனி, கதவு தனி, சீட் தனி. 2021 டிசம்பரில் உத்தரப் பிரதேச போலீஸ் அதை இழுத்து மூடியது. அதோடு தில்லியில் வண்டி காணாமல் போவது நின்றுவிடவில்லை. கடை மூடியதே தவிர, மலிவாகப் பார்ட் கேட்கிறவர்கள் அப்படியே இருக்கிறோம்.

இருக்கிறோம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாலு வருடம் முன்னால் சைலன்சர் போனபோது மெக்கானிக், "பழசு ஒண்ணு இருக்கு, பாதி விலை" என்றார். சரி என்று போட்டுக்கொண்டேன். பில் கேட்கவில்லை, எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்றும் கேட்கவில்லை. அது யார் வீட்டு வாசலில் நின்ற வண்டியோ. என் வண்டி போன பிறகுதான் அந்த நினைப்பே எனக்கு வந்தது, அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும், இது பலருக்குத் தெரியவில்லை. 2018 செப்டம்பரிலிருந்து புது இரு சக்கர வண்டிக்கு 5 வருட இன்சூரன்ஸ் கட்டாயம். ஆனால் அந்த 5 வருடம் தேர்ட் பார்ட்டிக்கு, அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்தான், திருட்டுக்குக் காசு தருகிற ஓன் டேமேஜ் பாகம் பெரும்பாலும் ஒரே வருடத்தில் முடிந்துவிடும், வருடா வருடம் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். நான் 2021-ல் வாங்கினேன், 2026 வரைக்கும் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பைசா வரவில்லை. தயவுசெய்து இன்றைக்கே உங்கள் பாலிசியை எடுத்து ஓன் டேமேஜ் என்ற வரியில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர்களும் உண்டு. தில்லியில் 2015-லிருந்து வண்டித் திருட்டுக்கு ஆன்லைனிலேயே எஃப்ஐஆர் போடலாம், நானும் அன்றைக்குக் காலையிலேயே போட்டேன். மூன்று வாரம் கழித்து வண்டி கிடைக்கவில்லை என்ற அறிக்கை வந்து சேர்ந்தது. யாராவது நேரில் வந்து பார்த்தார்களா என்றால், இல்லை. ஆனாலும் புகார் கொடுங்கள். அந்த வண்டியில் போய் எவனாவது சங்கிலி அறுத்தால் போலீஸ் முதலில் தேடி வருவது ஆர்சியில் பெயர் இருக்கிறவரைத்தான்.

எனக்கு நடந்தது அதில் பத்தில் ஒரு பங்குதான். போன மாதம் போனில் ஒரு சலான், அதாவது டிராஃபிக் அபராதச் சீட்டு வந்தது, காஜியாபாத்தில் ஹெல்மெட் போடாமல் போனதற்கு 1,000 ரூபாய். கூடவே கேமரா எடுத்த படம். இரண்டு பையன்கள், பதினெட்டு வயதுகூட இருக்காது. வண்டி முன்னால் என் மகன் ஒட்டின மயில் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. படத்தைக் காட்டினால் தேடுவார்கள் என்று அன்றைக்கே ஸ்டேஷனுக்கு ஓடினேன். பார்க்கிறோம் என்றார்கள். அபராதத்தை நீக்கச் சொல்லி எஃப்ஐஆர் நகலோடு எழுதிப் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.