கையைப் பிடித்து வைக்காதீர்கள்

என் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பது இரண்டரை வயதில்தான் தெரிந்தது. "அவள் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் நம்பிவிட்டேன். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, ஒலியை உள்காதின் நரம்புக்கு நேராக அனுப்பும் காக்ளியர் கருவியை இலவசமாகவே பொருத்துகிறார்கள். மூன்றரை வயதில் அவளுக்கும் அப்படித்தான் அறுவை சிகிச்சை நடந்தது. எங்கள் வருமானத்தில் அந்தக் கருவியை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

கருவியோடு ஓர் அறிவுரையும் வந்தது. "சைகை காட்ட விடாதீர்கள். பிறகு வாயைத் திறக்கவே மாட்டாள். கையைத் தூக்கினால் பிடித்து வையுங்கள்." பேச்சுப் பயிற்சி தந்தவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இரண்டு ஆண்டுகள் அப்படியே செய்தேன்.

அவளுக்கு ஐந்து வயதானபோது என் அப்பா இறந்தார். மூன்றாம் நாள் காலையில் அவருடைய சாய்வு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு விரல்களால் மீசையை முறுக்குவதுபோல் காட்டி, உள்ளங்கையை விரித்தாள். தாத்தா எங்கே? யாரும் சொல்லித்தராமல் அவளே உண்டாக்கிக்கொண்ட சைகை அது. நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, "தாத்தா என்று வாயால் சொல்" என்றேன். "தா" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அன்று அவளுக்கு முப்பது சொற்கள் தெரிந்திருந்தால் அதிகம்.

நான் கருவிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் எதிரியல்ல. சென்னையில் 1969இல் தொடங்கிய பாலவித்யாலயாவில், கைக்குழந்தைப் பருவத்திலேயே கருவி மாட்டி, அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சு கற்பிக்கிறார்கள். அங்கிருந்து சாதாரணப் பள்ளிகளுக்குப் போய் நன்றாகப் படித்த பிள்ளைகள் நிறைய. ஆனால் அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கப்படாத குழந்தை? வாரம் ஒருமுறை இரண்டு பஸ் மாறிப் பயிற்சிக்குப் போகிற குழந்தை? பேச்சு வரும்வரை அந்தக் குழந்தை எந்த மொழியில் யோசிக்கும், எந்த மொழியில் அழும்?

"சாதாரணப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், பழகிக்கொள்வாள்" என்பார்கள். ஓராண்டு சேர்த்தேன். ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பாடம் நின்றுவிடும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்பவர்கள் கண்ணாடி முன் நின்று "பத்து" என்றும் "மத்து" என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலத்தான் மூடித் திறக்கும். "க" தொண்டையிலேயே தங்கிவிடும், கண்ணுக்கே எட்டாது. தமிழில் பாதியை ஊகித்துக்கொண்டுதான் அவள் கணக்கும் படித்தாள்.

எனக்குக் கிடைத்த அறிவுரையின் வேர் மிகப் பழையது என்று பிறகு படித்தேன். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வகுப்பறையில் சைகை மொழி கூடாது, பேச்சு மட்டுமே போதும் என்று தீர்மானம் போட்டது. போட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள். அதே மாநாட்டு வரிசையில் 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடியவர்கள் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். நூற்று முப்பது ஆண்டுகள்! அந்த வருத்தம் எங்கள் ஊர்ப் பயிற்சி அறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், காது கேளாத குழந்தைக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்கிறது. டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் பத்தாயிரம் சொற்களுக்கு அகராதி வெளியிட்டிருக்கிறது. காது கேளாத மாணவர்களுக்குத் தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் உண்டு. விலக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் ஐந்து வயதில் ஒரு மொழியாவது முழுதாகக் கிடைத்திருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த விலக்கு தேவைப்படும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஏழு வயதில் அவளைக் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தோம். கருவியும் காதில் இருக்கிறது, கையும் பேசுகிறது. சைகை வந்தபின் பேச்சு குறையவில்லை; எதைச் சொல்லப்போகிறோம் என்று தெரிந்ததால் வாயும் கூடுதலாகத் திறந்தது. சேர்ந்த ஐந்தாம் மாதம் மறுபடியும் மீசையை முறுக்கிக் காட்டினாள். இந்த முறை என்னால் பதில் சொல்ல முடிந்தது. அவள் அன்றுதான் தாத்தாவுக்காக அழுதாள்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருக்கும் பெற்றோரே, அந்தத் தேதிக்கு முன்பே சைகை கற்கத் தொடங்குங்கள். எங்கள் பள்ளியில் சனிக்கிழமைகளில் பெற்றோருக்கு இலவச வகுப்பு நடக்கிறது. போன வாரம் ஒன்பது அம்மாக்கள், ஒரு பாட்டி. அப்பாக்கள் ஒருவரும் வரவில்லை, என் கணவர் உட்பட. இந்தச் சனிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டுதான் போகப்போகிறேன்.