வாசல் திசையைக் கேட்கிறோம், கொல்லை வெயிலைக் கேட்கிறோமா?

வீடு பார்க்கப் போகிறவர்கள் நம் பக்கத்தில் முதலில் கேட்பது, "வாசல் எந்தத் திசை?" என்பதுதான். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, எங்கே போனாலும் இதே கேள்வி. கிழக்கு அல்லது வடக்கு என்றால் விலை ஏறுகிறது. தெற்கு என்றால் வந்தவர்கள் உள்ளே வரவே தயங்குகிறார்கள். மேற்கு என்றால் ஜோசியரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். கொல்லை எந்தப் பக்கம் இருக்கிறது, மார்கழியில் அங்கே வெயில் விழுமா, பக்கத்து வீட்டு மாடி அதை மறைக்கிறதா என்று கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு குடும்பம் முப்பது நாற்பது வருடம் வாழப்போகிற வீட்டுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

என் தங்கை மகளும் மாப்பிள்ளையும் கும்பகோணத்தைச் சுற்றி வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு சிறு பிள்ளைகள். மாமியாரும் கூடவே இருக்கிறார். தை மாதம் ஒரு வீட்டைப் பார்க்க என்னையும் அழைத்துப் போனார்கள். வடக்கு பார்த்த வாசல். "குபேர வாசல் அம்மா, இந்த நகரிலேயே இப்படி ஒன்று கிடைக்காது" என்றார் தரகர். கூடம் பெரிது, சமையலறை புதிது, தரை பளபளப்பு. நான் நேரே கொல்லைக்குப் போனேன். தெற்கே பத்தடி ஆழத்துக்கு ஒரு துண்டு இடம், அதன் எல்லையில் மதிலை ஒட்டியே பக்கத்து வீட்டுக்காரரின் மாடி. மணி பதினொன்று. தெருவில் கண் கூசுகிற வெயில். கொல்லையில் ஒரு கீற்றுகூட இல்லை. துவைக்கிற கல்லில் பாசி வழவழவென்று படர்ந்திருந்தது, கால் வைக்கிற இடத்தில் மட்டும் தேய்ந்து சிமெண்ட் தெரிந்தது. ஓரத்துக் கறிவேப்பிலை ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஆனால் தண்டு விரல் கனம்தான். வெளிச்சம் இருந்த பக்கமாகச் சாய்ந்து, உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. செம்பருத்தியில் இலை கரும்பச்சையாக, அகலமாக இருந்தது, மொட்டு என்று ஒன்றும் இல்லை. கொடிக்கயிறு கட்டியிருந்தார்கள், அதில் துணி இல்லை. "துணியெல்லாம் மாடியில்தான் காய்கிறது" என்றார் அந்த வீட்டு அம்மாள். தங்கை மகளின் மாமியார் மாடிப்படியைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி.

பள்ளிக்கூடத்தில் சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறையும் என்று படித்ததோடு நம்மில் பலர் நின்றுவிட்டோம். நம் ஊர் வெயிலுக்கு அது போதாது. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் இருக்கின்றன. அதனால் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 25-ஐ ஒட்டியும், நண்பகல் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. இடையில் இருக்கிற நான்கு மாதமும் அது வடக்கே சாய்ந்து போகிறது. மீதி எட்டு மாதம் தெற்கே. டிசம்பர் 21-ஐ ஒட்டி, அதாவது மார்கழி முதல் வாரத்தில், நண்பகலில்கூட அதன் உயரம் 56 பாகைதான். உதிக்கிற இடமும் அப்படியே நகர்கிறது: ஆனி மாதத்தில் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி, மார்கழியில் அதே அளவு தெற்கே தள்ளி.

இது கொல்லைக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு மாடி எழுப்பிய வீடு, கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 22 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மார்கழி நண்பகலில் அதன் நிழல் வடக்கே ஏறத்தாழ 15 அடி விழும். காலை ஒன்பது மணிக்கு இன்னும் நீளம், 20 அடியைத் தாண்டும். ஆனி மாத நண்பகலில் அதே வீட்டின் நிழல் தெற்கே 5 அடிக்குள் அடங்கிவிடும். ஆக, தெற்கு எல்லையில் மாடி வீடு இருக்கும் பத்தடிக் கொல்லைக்குக் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வெயில் என்பதே கிடையாது. ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் நனைந்த களிமண் காய்வதற்கு வெயில் வேண்டிய மாதங்களும் அவையேதான். பாசி, கொசு, சுவரில் ஓதம், காயாத துணியின் வாடை எல்லாம் அங்கிருந்து கிளம்புகின்றன.

சித்திரையில் போய் வீடு பார்க்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது. அப்போது எந்தக் கொல்லையிலும் உச்சிவெயில் கொட்டும். அதனால் ஒரு சின்ன முறை சொல்கிறேன். போனில் திசைகாட்டியை வைத்துத் தெற்கைக் கண்டுபிடியுங்கள். இரும்புக் கேட், கம்பி கட்டிய தூண் பக்கத்தில் நின்று பார்த்தால் முள் தவறாகக் காட்டும், நடுவில் வந்து நில்லுங்கள். கையை முழுக்க நீட்டி முட்டியை மடக்கினால், ஒரு முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. கண் மட்டத்திலிருந்து முட்டி மேல் முட்டியாக ஐந்தரை முட்டி ஏறுங்கள். மார்கழி நண்பகல் சூரியன் நிற்கிற உயரம் அதுதான். அந்த இடத்தைப் பக்கத்து வீட்டுச் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ மறைத்தால், நீங்கள் நிற்கிற தரைக்கு மார்கழியில் உச்சிவெயில் வராது. தெற்கே காலி மனை இருந்தால் அங்கே ஒரு மாடி வீடு எழும்பும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். 1882-ஆம் வருடத்து இந்திய ஈஸ்மெண்ட் சட்டத்தில், 20 வருடம் இடைவிடாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கு உரிமை கோர இடம் இருக்கிறது. ஆனால் அது கட்டடத்துக்குள் வருகிற வெளிச்சத்துக்குத்தான். உங்கள் முருங்கைக்காகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டாதே என்று சொல்ல முடியாது.

நம் பழைய தெருக்களை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். காவிரியும் அரசலாறும் குடமுருட்டியும் வெண்ணாறும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. ஆற்றை ஒட்டிய தெருக்களும் பெரும்பாலும் அதே போக்கில் கிழக்கு மேற்காக நீள்கின்றன. இருபுறமும் வடக்கு பார்த்தும் தெற்கு பார்த்தும் வீடுகள். சுவரோடு சுவர் ஒட்டியிருப்பதால், வெயில் அதிகம் தாக்குகிற கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் பக்கத்து வீட்டுக்குள் மறைந்துவிட்டன. திண்ணை, நடை, கூடம், முற்றம், தாழ்வாரம் என்று நீளவாக்கில் போய், கடைசியில் கிணறும் மாட்டுக் கொட்டிலும் தாண்டிக் கொல்லை வாய்க்கால் வரைக்கும் கிடக்கும். வீடு ஓட்டு வீடு, உயரம் குறைவு, கொல்லையோ நீளம். நிழல் விழுந்தால் அதன் ஒரு மூலையில் விழும், அவ்வளவுதான். தெற்கு பார்த்த வாசல் என்று அந்தத் தெருவில் யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை. தெருவில் பாதி வீடுகள் தெற்கு பார்த்தவைதானே.

இப்போது வயலைத் தூர்த்து நகர் போடுகிறார்கள். 1,200 சதுர அடி மனையில் வீடு எல்லையைத் தொட நிற்கிறது. முன்னால் கார் நிற்க இடம் விட்டு, கொல்லையை எடுத்துவிட்டார்கள். சாஸ்திரத்தில் வாசலைப் பற்றிச் சொன்னது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஈசானிய மூலை தாழ்வாகவும் திறந்தும் இருக்க வேண்டும், கன்னி மூலை கனமாக இருக்க வேண்டும் என்பதும் அதே சாஸ்திரத்தில்தான் இருக்கிறது. வடகிழக்கு திறந்திருந்தால் இளவெயில் உள்ளே வரும். தென்மேற்கில் மரம் நின்றால் பிற்பகல் வெயில் சுவரைச் சுடாது. நம் ஊர் வெயிலுக்கு இது அப்படியே பொருந்துகிறது. நம்பிக்கை உள்ளவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் நல்ல நாள் பார்த்துத்தான் பால் காய்ச்சினேன். சாஸ்திரத்தைப் பார்ப்பதென்றால் திறந்த வெளியையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன்.

சரி, எந்தப் பக்கம் கொல்லை இருந்தால் நல்லது? என் தேர்வு கிழக்கு. அதாவது ஊரே வேண்டாம் என்று ஒதுக்குகிற மேற்கு பார்த்த வாசல் வீடு. கிழக்கே கொல்லை இருந்தால் விடிந்ததிலிருந்து பத்து, பதினொன்று வரைக்கும் தாங்கக்கூடிய வெயில் வருடம் முழுவதும் கிடைக்கிறது. கத்தரி, வெண்டை, தக்காளி, அவரைப் பந்தல் எல்லாவற்றுக்கும் அது நல்லது. பிற்பகலில் வீட்டின் நிழலே கொல்லையில் விழுவதால் கத்திரி வெயில் நாட்களில்கூட செடி துவளாது. சமையலறை பின்னால் இருந்தால் காலை வேலை முழுவதும் வெளிச்சத்தில் நடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நாலரை மணிக்கு அங்கே விளையாடலாம், தலையில் வெயில் இருக்காது. பெரியவர்கள் காலையில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆயலாம். சாயங்காலம் கடல் பக்கமிருந்து வருகிற காற்றும் அந்தப் பக்கம்தான் நுழையும். நாகை, திருவாரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். குறை ஒன்று உண்டு. முன்பக்கச் சுவர் மேற்கு வெயிலை முழுக்க வாங்கும். பகலில் குடித்த சூட்டைச் செங்கல் சுவர் இரவு பத்து மணிக்கும் வெளியே விடும், ஆகையால் முன்னால் படுக்கையறை வைக்கக் கூடாது. தாழ்வாரத்தை இறக்கிப் போட வேண்டும், ஒரு மரம் வேண்டும்.

மேற்கே கொல்லை, அதாவது எல்லோரும் தேடுகிற கிழக்கு வாசல் வீடு, கெட்டதில்லை. ஆனால் அங்கே இருபது அடியாவது ஆழம் இருந்து, மரம் வைக்க மனம் இருந்தால் மட்டும். வேம்பும் புங்கையும் மாசி பங்குனியில் இலை உதிர்த்து, வெயில் ஏறும் சித்திரைக்குள் புதுத்தளிர் போட்டு நிழல் கட்டிவிடுகின்றன. சிமெண்ட் போட்டு மூடிய மேற்குக் கொல்லை மாலை வரை கொதிக்கும், பின்கட்டில் யாரும் படுக்க முடியாது. ஆடி மாத மேல்காற்று நேராக அடிக்கும் பக்கமும் அதுதான். அதனால் வாழையைத் தனியாக விடாமல் மதில் ஓரமாக வையுங்கள். தென்னையை எந்தத் திசையிலும் வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் போய் வந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

தெற்குக் கொல்லை, தெற்கே உயரம் இல்லாதவரை, நல்ல கொல்லை. குளிர்காலம் முழுவதும் வெயில் உண்டு, முருங்கையும் எலுமிச்சையும் மல்லிகையும் செழிக்கும்.

வடக்குக் கொல்லையைத்தான் மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அங்கே வெயிலே வராது என்று சொல்வது சரியில்லை. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி தொடக்கம் வரை வடக்கே சாய்ந்த சூரியன் அங்கே நன்றாகவே விழுகிறது. மார்கழியில்தான் உங்கள் வீட்டின் நிழலே அதை மூடிவிடும். ஆழம் இருந்தால் கடைசிப் பகுதிக்கு அப்போதும் வெயில் உண்டு. வீட்டை ஒட்டிய நிழல் பகுதியில் இஞ்சி, மஞ்சள், சேம்பு, கற்பூரவள்ளி, பசலை நன்றாக வரும். வெற்றிலை வரும். பாபநாசம், ஐயம்பேட்டை, ராஜகிரிப் பக்கத்துக் கொடிக்கால்களில் அகத்தியை வளர்த்து நிழல் உண்டாக்கித்தானே வெற்றிலை ஏற்றுகிறார்கள். அந்த வீட்டுக்கு முன்புறம் தெற்கு, அங்கே குளிர்கால வெயில் கிடைக்கும். பூச்செடியை முன்னால் வைத்துக்கொள்ளலாம். தெற்கு வாசல் என்பதற்காக விலை குறைத்துக் கேட்கப்படுகிற, பின்னால் முப்பது அடி கொல்லையுள்ள பழைய வீடு கிடைத்தால், நான் இரண்டு முறை யோசிக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. வாசலுக்காகக் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தில் பின்னால் இன்னும் ஐந்தடி நிலம் வாங்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே நகரில் ஒரே அளவு மனைக்குத் திசையை வைத்து விலை மாறுகிறது. அந்த வித்தியாசத்தை நிலமாக வாங்கினால் பிள்ளைகள் மண்ணில் விளையாடுவார்கள், வீட்டுக்கு ஒரு முருங்கை நிற்கும்.

தங்கை மகள் குடும்பம் இப்போது திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு மேற்கு பார்த்த வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறது. கிழக்கே இருபத்தைந்து அடி கொல்லை, கிணறு, வயதான நார்த்தை மரம் ஒன்று. மாமியாருக்குப் பிடித்துவிட்டது, மாப்பிள்ளைக்குத்தான் வாசல் பற்றி இன்னும் தயக்கம். "பெரியம்மா, நீங்களே அவரிடம் பேசுங்கள்" என்றாள் அவள். பேசியிருக்கிறேன். எனக்கு இருக்கிற கேள்வி வேறு. முன்பக்கம் மேற்கு வெயிலை மறைக்க மரம் வேண்டும், ஆனால் வாசலுக்கு மேலே மின்கம்பி போகிறது. பூவரசை ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கிலேயே கழித்துக் கழித்துக் குடையாக நிறுத்த முடியுமா? அப்படி வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்த மாதத்தில் கழிக்கிறீர்கள், சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நட்டீர்கள் என்று எழுதுங்கள். ஆடிக்குள் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளையை, ஊன்ற வேண்டும்.