யோபின் மனைவியை விட்டுவிடுங்கள்

ஜெபக்கூட்டத்தில் அந்தச் சகோதரியிடம் என்ன சொல்லப்பட்டது என்று இங்கே பலருக்குத் தெரியும். கணவர் படுக்கையில். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியிலும். "முடியலை, சில நேரம் அவர்மேலேயே கோபம் வருது" என்று அழுதார். வந்த பதில்: "யோபின் மனைவி மாதிரிப் பேசாதீங்க சிஸ்டர். பாடு வந்தாத்தான் அன்பு ஆழமாகும்."

இல்லை, பாடு, அதாவது துன்பம், தானாக எந்த அன்பையும் ஆழமாக்காது. பாட்டுக்குள் அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் ஆழமாக்கும், அல்லது உடைக்கும். ஏதேனில் முதல் நெருக்கடி வந்ததும் ஆதாம் செய்தது மனைவியைக் கைகாட்டியதுதான் (ஆதியாகமம் 3:12). ரோமர் 5:3-4ஐ எடுத்துக்கொண்டு வருவீர்கள், தெரியும். உபத்திரவத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவே பொறுமை, பரீட்சை என்று இரண்டு படிகளைப் பவுல் வைத்திருக்கிறார். அவற்றைத் தாண்டிக் குதிக்க யாராலும் முடியாது.

யோபின் மனைவிக்கு வருவோம். பிள்ளைகள், சொத்து, உடல் சுகம் எல்லாவற்றையும் இழந்த மனுஷன் யோபு. ஒரே நாளில் செத்துப்போன ஏழு மகன்களும் மூன்று மகள்களும் யோபுக்கு மட்டுமா பிள்ளைகள்? "தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்" என்று அவள் சொன்னது தப்புதான் (யோபு 2:9), யோபுவே கண்டித்தார். ஆனால் கடைசியில் கர்த்தரின் கோபம் எரிந்தது, ஆறுதல் சொல்ல வந்து யோபுக்கு உபதேசம் பண்ணிய எலிப்பாஸ்மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர்மேலும் (42:7). அவள்மேல் அல்ல. "என் சுவாசம் என் மனைவிக்கு வேறுபட்டிருக்கிறது" என்று 19:17இல் யோபு புலம்புகிறார். சீழும் புண்ணுமாகக் கிடக்கிற மனுஷனின் மூச்சு நாறுகிற தூரத்தில்தான் அவள் இருந்திருக்கிறாள். உபதேசம் பண்ணியவர்கள் உபதேசம் பண்ணினார்கள்.

பாடு வந்த வீடுகளில் திருமணம் எங்கே விரிசல் விடும் என்று கொஞ்சமாவது தெரிந்துகொண்டு பேசுங்கள். துக்கத்தில் ஒருவர் பேசிப் பேசி ஆறுவார், மற்றவர் வாயை மூடிக்கொள்வார். "இவருக்கு வலியே இல்லை" என்று இவர் நினைப்பார், "விடவே மாட்டேங்கிறாளே" என்று அவர் நினைப்பார். பிள்ளையில்லாத அன்னாளின் கணவர் எல்க்கானா நல்ல புருஷன்தான். ஆனாலும் அழுதுகொண்டிருந்த அன்னாளிடம் "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்று கேட்டார் (1 சாமுவேல் 1:8). அவள் பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை, எழுந்து ஆலயத்துக்குப் போய் அழுதாள். பிள்ளை பிறந்தால் கர்த்தருக்கே கொடுப்பேன் என்று அங்கே பொருத்தனை பண்ணினாள். பிள்ளை பிறந்தபின் அதே எல்க்கானா 23ஆம் வசனத்தில் "உன் இஷ்டப்படி செய்" என்கிறார். அன்பு ஆழமாவது என்றால் இதுதான். தன்னை நடுவில் வைத்துப் பேசிய மனுஷன், அவளுடைய பொருத்தனைக்கு வழிவிடுகிறார்.

அப்புறம், ஜெபம். கணவன் பக்கத்தில் முழங்காலில் நின்று "ஆண்டவரே, இவருக்குப் பொறுமையைக் கொடும்" என்பது ஜெபமே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது. அவரவர் பாரத்தை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். தினமும் கால் மணி நேரம் போதும். ஐந்து நிமிஷம் ஒருவர் பேச மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்கட்டும், அடுத்த ஐந்து நிமிஷம் மாற்றி, மீதியில் ஒரு சங்கீதம். வார்த்தை வராத நாளில் 13 அல்லது 88ஐச் சத்தமாக வாசித்தால் போதும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கடனையோ ஆஸ்பத்திரிச் செலவையோ பேசவே கூடாது, அந்த நேரத்துப் பேச்சு சண்டையில்தான் முடியும். கடன் இருந்தால் பகலில், மறைத்து வைத்ததையும் சேர்த்து, ஒரே தாளில் எழுதுங்கள். வறுமையைவிட ஒளித்த கடன்தான் அதிகம் உடைக்கிறது.

"சபையில் இப்படி அழுதால் புது விசுவாசிகள் இடறமாட்டார்களா?" என்கிறீர்கள். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அது வேதாகமத்தில்தானே இருக்கிறது! "நல்ல எண்ணத்தில் சொன்னது." இருக்கலாம். யோபின் சிநேகிதரும் நல்ல எண்ணத்தில்தான் வந்தார்கள், ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்ததும்தான் கெட்டது. "அப்படியானால் பிரியச் சொல்கிறீர்களா?" இதற்கு என்ன பதில் சொல்ல? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுகிறவரிடமா இந்தக் கேள்வி?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடிவாங்குகிற மனைவியிடமும் "பாடு வந்தால்தான் அன்பு ஆழமாகும்" என்ற இதே பேச்சைத்தான் நீட்டுகிறார்கள். வியாதி, வறுமை, பிள்ளையை இழப்பது எல்லாம் இருவரும் சேர்ந்து சுமக்கிற பாடு. ஒருவர் கையால் மற்றவருக்கு வருவது பாவம். அதற்குச் சிலுவை என்று பெயர் வைக்காதீர்கள், முதலில் அவளைப் பத்திரமான இடத்தில் சேருங்கள்.

அந்தச் சகோதரிக்கு வந்தது தூக்கக் குறைவு. அதை விசுவாசக் குறைவு என்றவர்களுக்கு மனசு எப்படி வந்ததோ! வியாதியிலும் ஆரோக்கியத்திலும் என்று அவர்கள் உடன்படிக்கை பண்ணியபோது சாட்சியாக உட்கார்ந்திருந்தது சபைதானே? ஒருவரின் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் கலாத்தியர் 6:2 நமக்கும்தான். வாரத்துக்கு நாலு மணி நேரம், இரண்டு பேர் போங்கள். எப்படிப் புரட்ட வேண்டும், எப்போது மருந்து என்று முதல் நாள் அந்தச் சகோதரியிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவரைத் தூங்கவிடுங்கள். பிரசங்கம் வேண்டாம். இந்த வாரம் போக முடிகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், அந்த வீட்டாரிடம் கேட்டு நேரம் வாங்கித் தருகிறேன்.