ஓடும் இன்ஜினில்தான் ஆயிலை அளக்க வேண்டும்

சனிக்கிழமை நான் பகிர்ந்த நீலப் புகைக் காணொளியைப் பார்த்துவிட்டு, "பழைய வண்டி என்றால் புகை வரத்தானே செய்யும்" என்று பலர் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி இரண்டு நாள்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த 1982ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ்சி ஸ்போர்ட்ஸ் கார் பழையது என்பதால் புகைக்கவில்லை. அதன் சொந்தக்காரத் தம்பி ஆயில் மாற்றக் கொடுத்த பணிமனையில் தேவைக்கு மேல் இரண்டரை லிட்டர் ஆயிலை ஊற்றியதால் புகைத்தது. அளக்கக் கூடாத நேரத்தில் அளந்ததால் ஊற்றினார்கள். நடந்தது இவ்வளவுதான்.

பெரும்பாலான கார்களில் ஆயில் இன்ஜினுக்கு அடியிலேயே தேங்கியிருக்கும். இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, ஆயில் அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவினால் சரியான அளவு தெரிந்துவிடும். அந்தக் காலத்து 911 அப்படிப்பட்டதன்று. அதன் ஆயில், வலது பின்சக்கரத்தை ஒட்டியுள்ள தனி டாங்கில் இருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து எடுத்து இன்ஜினுக்கு அனுப்புகிறது. இன்னொரு பம்ப் அடியில் வடிவதை உறிஞ்சி மறுபடியும் டாங்குக்கே அனுப்புகிறது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் வெறும் காற்றை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டால் டாங்கில் உள்ள ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்குள் கசிந்து இறங்கிவிடும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் மறுநாள் காலை டிப்ஸ்டிக்கை எடுத்தால் அதன் நுனியில் ஈரம்கூட இல்லாமல் போகலாம். ஆயில் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அதனால்தான் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின், சமதரையில், ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்று வண்டியோடு கொடுத்த கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

அந்தப் பணிமனையில் பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் இரண்டையும் கழற்றினார்கள், புது ஃபில்டர் போட்டார்கள், பத்து லிட்டரும் ஊற்றினார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. மதிய உணவு முடிந்து வந்து, ஆறிப்போன வண்டியில் அளந்து, "இன்னும் குறைகிறது" என்று மேலும் ஊற்றியதுதான் தவறு.

இதே தவற்றை 1998இல் நானும் செய்தேன். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே ஒரு பணிமனையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அங்கிருந்த வயதான ஃபோர்மேன் என்னைத் திட்டவில்லை. சரியாக ஓடிக்கொண்டிருந்த வேறொரு 911இன் பின்புறம் அழைத்துப்போய், ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்த நொடியில் இன்ஜின் தடுமாறி, மூச்சுத் திணறுவதுபோல் குலுங்கியது. மூடியதும் பழையபடி சீராக ஓடியது. டாங்கின் மேல்பகுதியிலிருந்து காற்று உள்ளே போகும் பாதைக்கு ஒரு குழாய் செல்கிறது என்பதை அவர் வாயால் விளக்கவே தேவைப்படவில்லை. அளவுக்கு மீறிய ஆயில் அந்தக் குழாய் வழியாகத்தான் ஏர் ஃபில்டருக்குள் ஏறுகிறது. அங்கிருந்து சிலிண்டருக்குப் போய் எரிகிறது. நீங்கள் பார்த்த நீலப் புகை அதுதான்.

"இருபது நிமிடத்தில் வேலையை முடிக்க வேண்டிய பையன் என்ன செய்வான்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பையன்மீது எனக்குக் கோபமில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுக்காதவர்கள்மீதுதான் கோபம். ஆனால் "ஆயில் மாற்றுவதில் என்ன பெரிய வித்தை?" என்ற கேள்வியை என்னால் ஏற்க முடியாது. வித்தை இல்லைதான், ஆனால் முறை இருக்கிறது. எந்த வண்டிக்கும் 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயிலே போதும் என்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். வெளியேறும் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியைக் காப்பதற்காக, 2004இல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்எம் என்ற ஆயில் தரத்தில் இதுபோன்ற மெல்லிய ஆயில்களின் பாஸ்பரஸ் அளவை 0.08 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தினார்கள். இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் ராக்கர் ஆர்மும் உரசித் தேயும் இடத்தைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த அந்தக் கலவைதான். இந்த வண்டிக்காரர்கள் அந்தக் கட்டுப்பாட்டில் வராத, தடித்த 20டபிள்யூ-50 ஆயிலைத் தேடி அலைவது வீண் பிடிவாதம் அன்று.

"பணக்காரன் பொம்மைக்கு ஏன் இவ்வளவு கண்ணீர்?" என்று எழுதியவருக்கு என்ன பதில் சொல்வது என்று நெடுநேரம் யோசித்தேன். அந்தத் தம்பி பதினொரு ஆண்டுகள் பேக்கரியில் இரவு வேலை பார்த்துச் சேமித்த பணத்தில் வாங்கிய வண்டி அது. வெயில் நாளில் மட்டும் வெளியே எடுத்து, வீட்டுக்குத் திரும்பியதும் துணியால் துடைத்து மூடி வைப்பவன். புகை வந்ததும் "இன்ஜின் போய்விட்டதா அண்ணா?" என்று தொலைபேசியில் கேட்டபோது அவன் குரல் நடுங்கியது. அந்தக் குரலைக் கேட்டிருந்தால் பொம்மை என்ற சொல் உங்கள் வாயில் வந்திருக்காது.

நான் என் பிழைப்புக்காகத்தான் மற்ற பணிமனைகளைக் குறை சொல்கிறேன் என்றும் ஒருவர் எழுதிவிட்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக என் நகக்கண்ணில் ஆயில் கறை போனதில்லை. அந்தக் கையால் எழுதியதை வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிடுவது வலிக்கிறது. அந்தத் தம்பியிடம் நான் ஒரு யூரோகூட வாங்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: சூடாக, சமதரையில், ஓடும்போது அளந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

நேற்று ஏர் ஃபில்டரைக் கழற்றினோம். காகித மடிப்புகள் எல்லாம் ஊறிக் கறுத்து, அடியில் ஆயில் சொட்டியது. பெட்டியைத் துடைத்துப் புது ஃபில்டர் போட்டு, டாங்கிலிருந்து அளவுக் குவளையில் இரண்டே கால் லிட்டரை இறக்கினோம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து ஐடிலில் விட்டோம். டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றது. டாஷ்போர்டில் ஆயில் அளவு காட்டும் முள்ளும் மெல்ல மேலே ஏறியது. தம்பி மூடியைத் திறந்து பார்த்தான், இன்ஜின் தடுமாறியது, பதறிப்போய் உடனே மூடிவிட்டான்.