அனுமானம் வெறும் ஊகம் அல்ல

‘அனுமானம் என்றால் ஆதாரமே இல்லாமல் ஒன்றை உண்மை என்று நம்பிவிடுவது, கருதுகோளும் அதுதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. இதைப் படிக்கும் மாணவர்கள் இப்படியே மனத்தில் பதித்துக்கொள்வார்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்றைச் சரியாக அறியும் வழிகளை ‘அளவை’ என்பார்கள். அவற்றை ஆராயும் அளவை நூல்களில் அனுமானம் ஆதாரத்தோடு வருவது. மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு என்று அறிவதே அதற்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் சான்று. புகை கண்ணுக்குத் தெரிகிறது. புகையுள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பது முன்பே அறிந்தது. மணிமேகலை இதைக் ‘கருதல்’ என்று, காண்டலுக்கு, அதாவது நேரில் கண்டறிவதற்கு, அடுத்த அளவையாகவே வைக்கிறது. இன்றைய பேச்சில் ஊகம் என்ற பொருளிலும் அனுமானம் வழங்குகிறது, உண்மைதான். அதற்காக அந்தப் பழைய பொருள் செத்துவிடவில்லை.

கருதுகோளில் நம்பிக்கைக்கு இடமே இல்லை. சோதித்துப் பார்ப்பதற்காக முன்வைப்பது அது. சோதனையில் தோற்றால் கைவிடப்படும்.

கணிதத்தில் ‘எனக் கொள்வோம்’ என்பதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 2இன் வர்க்கமூலம் விகிதமுறா எண், அதாவது இரு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாத எண், என்று நிறுவ, அதை விகிதமுறு எண் என்றே கொண்டு தொடங்குகிறோம். 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத இரு முழு எண்களின் விகிதமாக எழுதினால், இரண்டும் இரட்டை எண்கள் என்று முடிகிறது. முரண்பாடு. பொய் என்று காட்டுவதற்காகவே ஒன்றை மெய்யாகக் கொண்டோம். இதை எப்படி நம்பிக்கை என்பீர்கள்?