சிஸ்பிளாட்டின் வெறும் உலோக நஞ்சு அன்று

“பிளாட்டினம் ஒரு கன உலோகம், எந்த வடிவில் உடலுக்குள் சென்றாலும் செல்களை ஒரே விதமாகத்தான் அழிக்கும்” என்று புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினைப் பற்றி எழுதப்பட்டிருப்பது சரியன்று.

இம்மருந்தில் பிளாட்டினத்தோடு இரண்டு குளோரைடுகளும் இரண்டு அம்மோனியாக்களும் இணைந்துள்ளன. இரத்தத்தில் குளோரைடு மிகுந்திருப்பதால் மருந்திலுள்ள குளோரைடுகள் எளிதில் விலகுவதில்லை. குளோரைடு குறைந்த செல்லுக்குள் நுழைந்ததும் அவற்றின் இடத்தில் நீர் மூலக்கூறுகள் வந்தமர, பிளாட்டினம் பெரும்பாலும் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள இரண்டு குவானின் என்னும் அலகுகளைப் பிணைத்து அதை வளைத்துவிடுகிறது. அந்தப் பழுதைச் சரிசெய்ய இயலாத செல் தன்னையே அழித்துக்கொள்கிறது.

அதே அணுக்களைக் கொண்ட டிரான்ஸ்பிளாட்டின் என்ற சேர்மத்தில் குளோரைடுகள் சிஸ்பிளாட்டினைப் போல ஒரே பக்கத்தில் இல்லாமல் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் அந்தப் பிணைப்பு அமைவதில்லை. அது புற்றுநோய் மருந்தாகப் பயன்படவும் இல்லை. உலோகம் மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாடு எப்படி வரும்?

சிறுநீரகத்தையும் செவித்திறனையும் இம்மருந்து பாதிக்கக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் நரம்பு வழியாக உப்பு நீரும் தாராளமாகச் செலுத்தப்படுகிறது. ஆயினும் 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, பிற மருந்துகளோடு சேர்ந்து, உடலில் பரவிவிட்ட விந்தகப் புற்றுநோயைக்கூடப் பெரும்பாலோருக்குக் குணப்படுத்துகிறது. சிகிச்சையில் இருக்கும் எவரும் அந்த ஒரு வரியை நம்பி ஊசியை நிறுத்திவிடக் கூடாது என்ற கவலையால்தான் இதை எழுதுகிறேன்.