பங்குக் காசு பிரிக்கிற ராத்திரியும் ஞாயிறு பூசையும்

ராமேஸ்வரம் தீவிலிருந்து தொண்டி வரைக்கும் நம் கடற்கரையில் இருபது, இருபத்தைந்து வயதுக் கத்தோலிக்கப் பிள்ளைகள் விசுவாசத்தில் தளர்ந்துவிட்டால், உடனே வேற்று மதத்தாரையோ செல்போனையோ காரணம் சொல்கிறோம். நான் அதை ஏற்கவில்லை. தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். ஓரியூரில் புனித அருளானந்தரிடம் நேர்ந்துகொள்ளும் இந்துக் குடும்பங்கள் ஏராளம். கீழக்கரைப் பையன் வேலைக்கு நடுவே தொழுதுவிட்டு வந்தால் கூட இருக்கிறவர்கள் காத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளை நெருக்குவது நம் ஆட்கள்தான். மாமன், மச்சான், படகுக்காரர், கூட்டாளி, கல்யாணம் பேசி வைக்கிறவர். அத்தனை பேரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். எதிர்த்து நிற்பது இவ்வளவு கஷ்டமாக இருப்பது அதனால்தான். அந்நியரிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். மாமாவிடம் எப்படிச் சொல்வது?

குடியிலிருந்து தொடங்குகிறேன். படகு கரைக்கு வந்து, மீனை எடை போட்டு, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரிக்கிற ராத்திரிதான் முதல் கண்டம். புதிதாகக் கடலுக்கு வந்த பையனுக்கு அன்றைக்கு ஊற்றிக் கொடுப்பது ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது. மறுக்க நினைக்கிற பையன் பெரும்பாலும் சாக்கு சொல்கிறான்: வயிறு சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன், தவக்காலம். சாக்குக்கு ஆயுள் கொஞ்ச நாள். வயிறு சரியானதும், ஈஸ்டர் வந்ததும், "இப்ப என்னடா?" என்று கேட்பார்கள். அப்போது அவனிடம் பதில் இருக்காது. நாற்பது நாள் விட்டுவிட்டு, பாஸ்கா பூசை முடிந்த கையோடு குடிக்க உட்காருவதும் இப்படித்தான் நடக்கிறது.

"நான் குடிக்கிறதில்லண்ணே." இவ்வளவு போதும். காரணம் சொன்னால் அதை உடைக்க நாலு பேர் வருவார்கள். அவர்கள் குடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். அந்த நேரத்துப் பிரசங்கம் யாரையும் திருத்தியதில்லை, சண்டையில்தான் முடியும். கையில் சோடாவோ டீயோ இருக்கட்டும். வெறுங்கையோடு இருக்கிறவனிடம்தான் டம்ளர் நீளும். சாப்பாட்டுக்கு உன் பங்கைக் கொடு, கூட உட்கார்ந்து சாப்பிடு, போதை ஏறுவதற்கு முன்பு கிளம்பு. இதைப் பங்கு பிரிக்கிற அன்றைக்கு முதல் தடவையாகச் சொல்வதைவிட, படகில் ஏறும் முன்பே டிரைவரிடம் தனியாகச் சொல்லி வைப்பது நல்லது. தானியேல் பாபிலோன் அரண்மனையில் சாப்பாட்டுத் தட்டை எட்டி உதைக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் பணிவாகப் போய்ப் பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். முன்கூட்டியே, உரிய ஆளிடம், மரியாதையோடு கேட்டார். அந்த மூன்றும் நமக்கும் வேண்டும்.

ஏற்கெனவே தினமும் குடிக்கிறவர்கள் நேர்ச்சை என்று சட்டென நிறுத்திவிட வேண்டாம். கடைசியாகக் குடித்ததிலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாவது, நாலாவது நாளில் கை நடுக்கமும் பிதற்றலும் உயிருக்கே ஆபத்தாகலாம். நடுக்கடலில் அப்படி ஆனால் என்ன செய்வது? அரசு மருத்துவமனையில் சொல்லி, மருந்தோடு நிறுத்துங்கள். அதுவும் ஜெபத்துக்குக் கிடைத்த பதில்தான்.

அடுத்து ஞாயிறு. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகின்றன. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் திரும்புகிறது. மீன் இறக்கி, தரம் பிரித்து, விற்று முடிப்பதற்குள் காலைப் பூசை முடிந்துவிடும். மாதக்கணக்கில் ஞாயிறு பூசைக் கடமை இப்படித் தவறிப் போனதும், "நான் பாவத்தில் இருக்கிறேன், இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது" என்று பையன்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். திருச்சபைச் சட்டம் 1248 சொல்வது வேறு. ஞாயிற்றுக்கிழமை எந்த நேரத்துப் பூசையும் கணக்கில் சேரும், முந்தைய சாயங்காலப் பூசையும் சேரும், எந்தக் கத்தோலிக்க ஆலயமானாலும் சரி. உன் ஊரில் ஞாயிறு சாயங்காலம் பூசை இல்லையென்றால் பக்கத்து ஊரில் விசாரி. பெரிய காரணத்தால் முடியவே இல்லையென்றால் வீட்டிலோ படகிலோ அன்றைய வாசகத்தை வாசித்து ஜெபிக்கச் சட்டமே சொல்லியிருக்கிறது. தனிப்பட்ட ஆளுக்கு விலக்குக் கொடுக்கவும், அதற்கு ஈடாக வேறொரு பக்திமுயற்சி சொல்லவும் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. அது சட்டம் 1245. கேட்டால்தான் கிடைக்கும். வாசகத்தைக் கரையிலேயே செல்போனில் இறக்கி வைத்துக்கொள். உள்ளே போனால் சிக்னல் இருக்காது. வலை இழுவையில் இருக்கும்போது ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலைக்குக் கால் மணி நேரம், இருபது நிமிடம் தாராளமாகக் கிடைக்கும்.

(வெள்ளிக்கிழமை இறைச்சி விடுவதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மீன் குழம்பிலேயே வளர்ந்த நமக்கு அது ஒறுத்தலே அல்ல. அன்றைக்குக் கடைப் பரோட்டாச் செலவை எடுத்து வைத்து, படகு பிடிபட்டுத் தவிக்கிற வீட்டுக்குக் கொடுத்தால் உறைக்கும்.)

கடல் அட்டை விஷயத்தை நம் கோயில்களில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதைப் பிடிக்கவும் விற்கவும் தடை. "ஒரு மூட்டையை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடு, ஒரு ராத்திரி வேலை" என்று கேட்பவர், கடன் அடைக்க முடியாத வீட்டுப் பையனாகப் பார்த்துத்தான் கேட்பார். ஆகவே இந்தச் சோதனைக்குத் தற்காப்பு கடன் வாங்குகிற இடத்திலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு நிவாரணம் 8,000 ரூபாய். அது இரண்டு மாதத்துக்குக் காணாது என்று எல்லாருக்கும் தெரியும். மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் பங்குக் காசில் பத்தில் ஒரு பங்கை அம்மா பெயரிலோ தங்கச்சி பெயரிலோ அஞ்சலகத்தில் போட்டு வைக்கிற பையனை அந்த ஆள் நெருங்கவே மாட்டார்.

இனி கல்யாணம். தவக்காலம் முடிந்து தடைக்காலம் தொடங்குகிற சமயம் எல்லா ஆண்களும் கரையில் இருப்பார்கள். பேச்சு வார்த்தை அப்போதுதான் சூடு பிடிக்கும். அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் ஒரு கல்யாண விவகாரம்தான். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார். அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு. விசுவாசம் வீட்டுக்குள் நுழைந்து கல்யாண வழக்கத்தில் கை வைத்ததால் வந்த மரணம் அது. அந்த ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வந்து பவுன் கணக்குப் பேசுவது எனக்குத் தாங்கவில்லை.

வரதட்சணை வேண்டாம் என்று நினைக்கிற பையன் அதைப் பெண் பார்க்கப் போகும் முன்பே அம்மாவிடம் தனியாகச் சொல்ல வேண்டும். பெண் வீட்டுப் பந்தியில் சொன்னால் அப்பாவுக்கு அவமானம், பேச்சே முறியும். "உன் தங்கச்சிக்கு யார் செய்வா?" என்பதுதான் அம்மாவின் ஒரே கேள்வியாக இருக்கும். தங்கச்சியின் படிப்புச் செலவை நான் பார்க்கிறேன் என்ற பதிலும், அதற்கு ஒரு சேமிப்புப் புத்தகமும் கையில் இருந்தால் பேச்சு நிற்கும். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். கேட்காமல் கொடுத்த பரிசுகளைக்கூட விலையோடும் கொடுத்தவர் பெயரோடும் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

தங்கச்சிகளே, கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்பு பங்குச் சாமியார் உங்களைத் தனியாக விசாரிப்பார். "மனப்பூர்வமான சம்மதமா?" என்று கேட்பது வெறும் சடங்கு அல்ல. பயமுறுத்தலாலும் கட்டாயத்தாலும் தருகிற சம்மதம் செல்லாது, சட்டம் 1103. படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கிறார்கள் என்றால், சாதிக்காக வேறு இடத்தில் தள்ளுகிறார்கள் என்றால், அந்த அறையில் சொல்லுங்கள்.

பங்குப் பேரவையில் இருக்கிற பெரியவர்களிடம் மூன்று கேட்கிறேன். விசைப்படகு ஊர்களில் ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பூசை. மாதம் ஒருமுறை வெளியூர்க் குருவானவர் ஒருவர் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்க வரட்டும். சின்ன ஊரில் சொந்தப் பங்குச் சாமிக்குக் குரல் தெரிந்துவிடும் என்ற கூச்சத்திலேயே பிள்ளைகள் வருடக்கணக்கில் போவதில்லை. மூன்றாவதாக, ஓலைக்கு எழுதிக் கொடுக்க வருகிற வீட்டாரிடம் அந்தப் பரிசுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். தடைக்காலக் கல்யாணங்களுக்கு ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும் என்பதால், தவக்காலம் முடிவதற்குள் இதைத் தீர்மானித்தால்தான் இந்த வருடமே நடைமுறைக்கு வரும்.